நீர்மூழ்கிக்கும் ஒரு தாய்வீடு உண்டு



தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்த பெண் எப்படித் திரும்பிப் போகிறாள்? உடம்பு தேறி, தலைக்கு எண்ணெய் வைத்து, வேளைக்கு வேளை சாப்பிட்டு, தூங்கி, கடைசியில் கைநிறையச் சீரோடு போகிறாள். கடலுக்கடியில் ஒளிந்து திரியும் நீர்மூழ்கிக் கப்பலுக்கும் இப்படி ஒரு தாய்வீடு உண்டு என்றால் நம்புவீர்களா? ஆம்! அந்தத் தாய்வீடும் ஒரு கப்பல்தான். தாய்க்கப்பல் என்றே அதைச் சொல்வார்கள்.

சினிமாவில் நீர்மூழ்கியைப் பார்த்திருப்பீர்கள். கண்ணாடிக் குழாய் ஒன்று தண்ணீருக்கு மேலே எட்டிப் பார்க்கும். தளபதி கையை அசைப்பார். குண்டு பாயும். எதிரிக் கப்பல் இரண்டாகப் பிளக்கும். படமும் முடிந்துவிடும். ஆனால் அந்தக் குண்டு தீர்ந்த பிறகு என்ன ஆகும்? பேட்டரி கெட்டால் யார் பழுது பார்ப்பது? உள்ளே இருக்கும் மனிதர்கள் எங்கே குளிப்பது? இதையெல்லாம் படத்தில் காட்டுவதில்லை. இந்த மாதம் நாம் பார்க்கப்போவது அதைத்தான். இது எங்கோ தொலைதூரத்துச் சங்கதி என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். இதில் பெரும்பகுதி நம் பினாங்குக் கடலில் நடந்த கதை. நம் ரப்பரும் இதில் சம்பந்தப்பட்டிருக்கிறது.

இரும்புக் குழாய்க்குள் அறுபது பேர்

இரண்டாம் உலகப் போரில் ஆங்கிலேயரிடம் 'டி' வகை நீர்மூழ்கிகள் இருந்தன. ஒவ்வொன்றும் சுமார் 275 அடி நீளம். உள்ளே ஏறக்குறைய 60 பேர். கடல்மட்டத்தில் போகும்போது டீசல் இயந்திரம் ஓடும். அது கப்பலையும் தள்ளும், பேட்டரிக்கும் மின்சாரம் ஏற்றும். நீருக்குள் மூழ்கிவிட்டால் டீசலை ஓட்ட முடியாது, அதற்குக் காற்று வேண்டுமே! அப்போது பேட்டரிதான் உயிர். ஆகவே பகலெல்லாம் மூழ்கிக் கிடப்பதும், இரவில் மேலே வந்து பேட்டரிக்கு மின்சாரம் ஏற்றுவதுமாக வாரக்கணக்கில் போகும் அந்தப் பிழைப்பு.

நம் வட்டாரத்துக் கடலின் வெக்கை உங்களுக்குத் தெரியும். அதில் ஓர் இரும்புக் குழாய்க்குள் அடைபட்டுக் கிடப்பதை நினைத்துப் பாருங்கள். குடிநீருக்கே அளவு உண்டு, குளியலுக்கு ஏது? சட்டையில், படுக்கையில், சோற்றில் எல்லாம் டீசல் வாடை. பச்சைக் காய்கறி முதல் சில நாட்களோடு சரி, அப்புறம் டின் உணவுதான். மூன்று நான்கு வாரம் கழித்துத் திரும்பும்போது ஆளும் வாடியிருப்பான், கப்பலும் வாடியிருக்கும்.

தாய்வீட்டு உபசாரம்

திரும்பி வந்த நீர்மூழ்கி தாய்க்கப்பலின் பக்கவாட்டில் வந்து ஒட்டி நிற்கும். இரண்டும் உரசாமலிருக்க நடுவே தடுப்புகள் தொங்கும். கயிற்றால் கட்டியவுடன் மேலிருந்து குழாய்களும் கம்பிகளும் இறங்கும். ஒன்றில் நல்ல தண்ணீர், ஒன்றில் எண்ணெய், ஒன்றில் அழுத்தக் காற்று, ஒன்றில் மின்சாரம். மாலுமிகள் சோப்பையும் துண்டையும் எடுத்துக்கொண்டு மேலே ஏறிவிடுவார்கள். தாய்க்கப்பலின் தொழிலாளிகள் கருவிப்பெட்டியோடு கீழே இறங்குவார்கள்.

மெய்ட்ஸ்டோன் என்று ஒரு பிரிட்டிஷ் தாய்க்கப்பல். 1938இல் பணியில் சேர்ந்தது. அதற்குள் என்னென்ன இருந்தன தெரியுமா? இரும்பை உருக்கி வார்க்கும் பட்டறை, செம்பு வேலைப் பட்டறை, தச்சுப் பட்டறை, குழாய் வேலைப் பட்டறை, லேத் இயந்திரங்கள் ஓடும் பட்டறைகள், மின்சாரப் பட்டறை, குண்டுகளைப் பழுது பார்க்கும் பட்டறை. அதோடு ரொட்டி சுடும் அடுப்பு, நீராவிச் சலவைக்கூடம், முடிதிருத்தும் கடை, பல் வைத்தியர், அறுவை சிகிச்சை அறையோடு கூடிய ஆஸ்பத்திரி, கோயில், சினிமாக் கொட்டகை! ஒரு சிறு பட்டணமே தண்ணீரில் மிதந்தது என்று சொல்லலாம். ஒன்பது நீர்மூழ்கிகளைப் பராமரிக்கும்படி அதைக் கட்டியிருந்தார்கள். அதில் இருந்தவர்கள் ஆயிரம் பேருக்கு மேல்.

அந்த ஆயிரம் பேருக்கும் வேலை இருந்தது. நூற்றுக்கணக்கான பேட்டரிகளைத் திறந்து, காய்ச்சி வடித்த நீர் ஊற்ற வேண்டும். கொஞ்சம் கவனம் தப்பினால் பேட்டரியிலிருந்து கிளம்பும் வாயு தீப்பொறி பட்டு வெடிக்கும். கடல்நீர் உள்ளே கசிந்து பேட்டரியில் பட்டாலோ விஷ வாயு கிளம்பும். தளபதி எட்டிப் பார்க்கும் கண்ணாடிக் குழாய்க்குள் ஈரம் புகுந்து மங்கியிருந்தால் கழற்றித் துடைத்து, உலர்த்தி, மறுபடி மூட வேண்டும். தேய்ந்த தண்டு, ஒழுகும் வால்வு, விரிசல் விட்ட குழாய் எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். கடலுக்கடியில் ஒரு வால்வு ஒழுகினால் ஓரமாக நிறுத்திப் பார்க்க அங்கே இடமா இருக்கிறது?

நோய்வாய்ப்பட்ட மாலுமிக்குப் பதிலாக அனுப்பவும் தாய்க்கப்பலில் பயிற்சி பெற்ற ஆட்கள் தயாராக இருப்பார்கள். பிரட்டுக்கு வராதவனின் நிரையை வேறொருவன் வெட்டுவது போலத்தான்!

ஒன்றரை டன் சீர்வரிசை

எல்லாவற்றிலும் கடினமான வேலை ஆயுதம் ஏற்றுவதுதான். டார்ப்பிடோ என்பது வெறும் குண்டு அல்ல. தானே நீந்திப் போகும் ஒரு குட்டிக் கப்பல் என்று சொல்வதுதான் பொருத்தம். அந்தக் காலத்துப் பிரிட்டிஷ் டார்ப்பிடோ 21 அங்குலப் பருமன், 21 அடிக்கு மேல் நீளம், ஒன்றரை டன் எடை. மூக்கில் 300 கிலோவுக்கு மேல் வெடிமருந்து. நடுவே அழுத்தக் காற்றுக் கலம். பின்னால் எண்ணெயில் ஓடும் இயந்திரம். திசை மாறாமல் போக, பம்பரம்போல் சுழலும் ஒரு கருவி. ஆழம் மாறாமல் போக, தண்ணீரின் அழுத்தத்தை உணரும் இன்னொரு கருவி.

இவற்றில் எது கெட்டிருந்தாலும் அத்தனை பேர் பட்ட பாடும் வீண். ஆகவே தாய்க்கப்பலின் பட்டறையில் ஒவ்வொரு டார்ப்பிடோவையும் பிரித்து, சோதித்து, காற்று ஏற்றி, வெடிமருந்துத் தலையைப் பொருத்தித் தயார் செய்வார்கள். பிறகு பாரந்தூக்கி அதை மெதுவாகத் தூக்கும். இரு முனையிலும் கயிறு கட்டி, அது காற்றில் ஆடாமல் ஆட்கள் பிடித்துக்கொள்வார்கள். கீழே நீர்மூழ்கியின் மேல்தளத்தில் சாய்வாக ஒரு தண்டவாளம் பொருத்தியிருக்கும். அதன்மேல் வைத்து, சறுக்குமரத்தில் பிள்ளையை இறக்குவது போல அங்குலம் அங்குலமாகத் திறப்பின் வழியே உள்ளே இறக்குவார்கள். உள்ளே இருப்பவர்கள் சங்கிலியும் கப்பியும் கொண்டு அதை இழுத்துச் சட்டத்தில் படுக்க வைப்பார்கள். அலை கொஞ்சம் எழும்பினாலும் இரண்டு கப்பலும் வெவ்வேறு தாளத்தில் ஆடும். நடுவே ஒன்றரை டன் தொங்கும். எத்தனை நிதானம் வேண்டும் பாருங்கள்!

ஒரு 'டி' வகை நீர்மூழ்கி 17 டார்ப்பிடோ கொண்டு போகும். அவற்றில் ஐந்து, கப்பலின் வெளிப்புறத்தில் உள்ள குழல்களில் இருக்கும். அந்த ஐந்தையும் சுட்டுவிட்டால் நடுக்கடலில் மறுபடி நிரப்ப வழியே இல்லை. தாய்வீடு வந்தே ஆகவேண்டும்.

சோதித்துப் பாராத ஆயுதம் என்ன செய்யும் என்பதற்கு ஓர் உதாரணம். 1942இல் அமெரிக்க நீர்மூழ்கிகள் உயிரைப் பணயம் வைத்து ஜப்பானியக் கப்பல்களை நெருங்கிக் குண்டு விட்டன. பல குண்டுகள் வெடிக்கவே இல்லை. குறி தவறியிருப்பீர்கள் என்று மேலிடம் மாலுமிகளையே குறை சொன்னது. தளபதி லாக்வுட் என்பவர் அதை நம்பிவிடவில்லை. 1942 ஜூனில் மேற்கு ஆஸ்திரேலியாவின் ஆல்பனி துறைமுகத்தருகே ஒரு மீன்வலையைக் கட்டித் தொங்கவிட்டு, அதன்மீது டார்ப்பிடோக்களைச் சுடச் சொன்னார். வலையில் விழுந்த ஓட்டையை அளந்தபோது உண்மை தெரிந்தது. குறித்த ஆழத்தைவிட சுமார் 11 அடி கீழே அவை போயிருந்தன! எதிரிக் கப்பலின் அடிவயிற்றுக்குக் கீழே புகுந்து போனால் எப்படி வெடிக்கும்? பல மாதமாகப் புரியாமல் கிடந்த குறையை ஒரு மீன்வலை காட்டிக்கொடுத்தது.

பினாங்கும் திருகோணமலையும்

இப்போது நம் ஊருக்கு வருவோம். ஜப்பான்காரன் காலத்தைப் பற்றி உங்கள் வீட்டுப் பெரியவர்கள் கதை கதையாகச் சொல்லியிருப்பார்கள். அந்தக் காலத்தில் பினாங்குத் துறைமுகம் ஜப்பானிய நீர்மூழ்கிகளின் தளமாக இருந்தது. 1943 முதல் ஜெர்மானிய நீர்மூழ்கிகளும் ஐரோப்பாவிலிருந்து ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு பினாங்குக்கு வந்தன.

ஏன் வந்தார்கள்? இந்துமகா சமுத்திரத்தில் எதிரிக் கப்பல்களை மூழ்கடிக்க வந்தார்கள். திரும்பிப் போகும்போது ரப்பர், ஈயம், டங்ஸ்டன் ஆகியவற்றையும் ஏற்றிப் போனார்கள். ஜெர்மனியில் செயற்கை ரப்பர் செய்தார்கள், ஆனாலும் இயற்கை ரப்பர் கலக்காமல் எல்லாப் பொருளும் சரிவர அமையவில்லை. நம் பாட்டன்மார் உளி பிடித்து வெட்டி, மங்கில் சேர்த்த பாலும் அந்தச் சரக்கில் இருந்திருக்கலாம். யாருக்குப் போகிறது, எதற்குப் போகிறது என்று அவர்களிடம் யார் சொன்னார்கள்?

ஆனால் பினாங்கில் ஜெர்மானியருக்கு ஒரு பெருங்குறை. அவர்களுக்கென்று அங்கே தாய்க்கப்பல் இல்லை. தேர்ந்த தொழிலாளிகளும் போதவில்லை. களைத்து வந்த மாலுமிகளே தங்கள் கப்பலைப் பழுது பார்க்க வேண்டியிருந்தது. அடிப்பாகத்தைப் பார்க்க வேண்டுமானால் சிங்கப்பூர்வரை போக வேண்டும். நீண்ட பயணத்திலும் வெப்பத்திலும் கிடந்த டார்ப்பிடோக்கள் வலுவிழந்தன. புதியவை கிடைப்பதும் அரிது.

மறுகரையில் என்ன நிலை? 2,000 கிலோமீட்டருக்கு அப்பால், இலங்கையின் திருகோணமலை. கோணேசர் கோயில் குன்றின்மேல் நின்று பார்க்கும் அந்த இயற்கைத் துறைமுகத்தில் அடமன்ட் என்ற தாய்க்கப்பல் நின்றது. 1944இல் மெய்ட்ஸ்டோனும் வந்து சேர்ந்தது. அங்கிருந்து புறப்பட்ட நீர்மூழ்கிகள் ஐந்தாறு நாளில் பினாங்கின் வாசலுக்கு வந்து காத்துக் கிடந்தன.

1943 நவம்பர் 13ஆம் நாள், ரப்பரும் ஈயமும் ஏற்றிக்கொண்டு சிங்கப்பூரிலிருந்து பினாங்குக்கு வந்துகொண்டிருந்த ஐ-34 என்ற ஜப்பானிய நீர்மூழ்கியை 'டாரஸ்' மூழ்கடித்தது. 1944 ஜனவரி 11ஆம் நாள், 'டாலி-ஹோ' என்ற நீர்மூழ்கி பினாங்குக்கு அருகே ஏழு டார்ப்பிடோக்களை விட்டது. அவற்றில் இரண்டு பட்டு, 'கூமா' என்ற ஜப்பானியப் போர்க்கப்பல் மூழ்கியது. அதே ஆண்டு செப்டம்பர் 23ஆம் நாள், ஐரோப்பாவிலிருந்து அத்தனை தூரம் கடந்து வந்த ஜெர்மானிய நீர்மூழ்கி யு-859, பினாங்கை எட்டும் நேரத்தில் 'டிரென்சன்ட்' நீர்மூழ்கிக்கு இரையானது. அந்த மாலுமிகளுக்கும் தாய் தகப்பன் இருந்திருப்பார்கள். நாம் மீன் வாங்கித் தின்னும் அந்தக் கடலின் அடியில்தான் அவர்கள் உறங்குகிறார்கள்.

'டாலி-ஹோ'வின் கதையை இன்னும் கொஞ்சம் கேளுங்கள். 1944 பிப்ரவரி 24ஆம் நாள் இரவு, மலாக்கா நீரிணையில் ஒரு ஜப்பானியப் படகுக்கப்பல் அதன்மேல் பாய்ந்தது. மோதல் தப்பியது. ஆனால் உரசிப் போன அந்தக் கப்பலின் சுழல்விசிறி, 'டாலி-ஹோ'வின் இடப்பக்க நீர்த்தொட்டிகளைக் கத்திபோல் வரிசையாகக் கிழித்துவிட்டது. நல்லவேளையாக, ஆட்கள் இருக்கும் உட்கூடு தப்பியது. ஒரு பக்கம் சாய்ந்தபடியே அத்தனை தூரத்தையும் கடந்து திருகோணமலை போய்ச் சேர்ந்தது. பழுது பார்க்க இடமும் ஆளும் இருந்ததால் அதே ஆண்டில் மறுபடியும் போருக்குப் புறப்பட்டது. இரண்டு பக்கத்திலும் வீரர்கள் இருந்தார்கள். ஒரு பக்கத்தில் மட்டுமே பட்டறை சரியாக இருந்தது.

தாயைக் குறிவைத்தவர்கள்

இந்த ரகசியம் போர் நடத்தியவர்களுக்கு நன்றாகத் தெரியும். அதனால்தான் குட்டியை விட்டுத் தாயைத் தேடினார்கள். 1942 ஜூன் 30ஆம் நாள், மத்தியதரைக் கடலில் மெட்வே என்ற பிரிட்டிஷ் தாய்க்கப்பலை ஜெர்மானிய நீர்மூழ்கி ஒன்று மூழ்கடித்தது. அப்போது அதில் 90 டார்ப்பிடோக்கள் இருந்தன. ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களை மீட்டார்கள், 30 பேர் மாண்டார்கள். ஓர் அதிசயம், அந்த டார்ப்பிடோக்களில் 47 பின்னர் தேடி எடுக்கப்பட்டன. ஆனால் அந்தப் பட்டறைகளை யார் மிதக்க வைப்பது?

இந்துமகா சமுத்திரத்திலும் இதேதான் நடந்தது. ஜெர்மானிய நீர்மூழ்கிகளுக்கு நடுக்கடலில் எண்ணெய் கொடுத்துவந்த இரண்டு கப்பல்களை ஆங்கிலேயர் தேடிப்பிடித்தனர். 1944 பிப்ரவரியில் ஒன்று போயிற்று. மார்ச் 12ஆம் நாள் 'பிராக்' என்ற மற்றொன்றும் போயிற்று. அதை நம்பி ஊருக்குப் புறப்பட்டிருந்த இரண்டு நீர்மூழ்கிகள் ஐரோப்பா போகமுடியாமல் கிழக்கே திரும்பி வந்தன. ஆளும் இருந்தது, ஆயுதமும் இருந்தது, கொண்டுபோக ரப்பரும் இருந்தது. எண்ணெய் கொடுக்க ஒரு கை இல்லை.

இன்றைய தாய்க்கப்பல்கள்

போருக்குப் பின் அணுசக்தி நீர்மூழ்கிகள் வந்தன. அவற்றுக்கு எண்ணெய் நிரப்பும் கவலை இல்லை. ஆனாலும் தாய்வீட்டை விட முடிந்ததா? இல்லை! 1961 மார்ச்சில் அமெரிக்கத் தாய்க்கப்பல் புரோட்டியஸ், ஸ்காட்லாந்தின் ஹோலி லாக் என்ற நீர்ப்பரப்பில் நங்கூரமிட்டது. 16 ஏவுகணைகள் தாங்கிய நீர்மூழ்கிகள் அங்கே வந்து பழுது பார்த்துக்கொண்டன. ஒன்று மாற்றி ஒன்றாகத் தாய்க்கப்பல்கள் அங்கே நின்றன. 1992இல்தான் அந்தத் தளம் மூடப்பட்டது. ஏவுகணையை ஏற்றும் விதம் டார்ப்பிடோவைப் போலச் சாய்வாக அல்ல. பாரந்தூக்கியில் நிமிர்த்தி, கிணற்றுக்குள் வாளி இறக்குவது போல நேர்செங்குத்தாக இறக்குவார்கள்.

இந்தியாவும் 1968இல் சோவியத் நாட்டிலிருந்து ஒரு தாய்க்கப்பலை வாங்கியது. அதற்கு வைத்த பெயர் அம்பா. அம்பா என்றால் தாய் என்று பொருள். எத்தனை பொருத்தம் பாருங்கள்! 2006இல் அது ஓய்வு பெற்றது.

அமெரிக்காவின் எமரி லேண்ட், பிராங்க் கேபிள் என்ற இரு தாய்க்கப்பல்களும் 1979இல் பணியில் சேர்ந்தவை. 2024 ஆகஸ்டில் எமரி லேண்ட் மேற்கு ஆஸ்திரேலியாவின் ஸ்டெர்லிங் தளத்துக்குப் போய், 'ஹவாய்' என்ற அணுசக்தி நீர்மூழ்கியைப் பழுது பார்த்தது. ஆஸ்திரேலிய மாலுமிகள் முப்பது பேருக்கு மேல் அந்த வேலையில் கூடவே நின்று பழகினார்கள். நீர்மூழ்கியைக் காசு கொடுத்து வாங்கலாம், அதைப் பராமரிக்கும் கைகளை ஒரு நாளில் வாங்க முடியாது என்பதை அவர்கள் அறிந்திருக்கிறார்கள்.

நம் மலேசியாவுக்கும் 'துங்கு அப்துல் ரஹ்மான்', 'துன் ரசாக்' என்ற இரண்டு நீர்மூழ்கிகள் 2009இல் கடற்படையில் சேர்ந்தன. சபாவின் செப்பாங்கார் தளம் அவற்றுக்குத் தாய்வீடு. அது மிதக்கும் வீடு அல்ல, கரையில் கட்டிய வீடு. ஆனால் வேலை என்னவோ அதேதான்.

வாசகர்களே, போரைப் புகழ்வதற்காக இதை எழுதவில்லை. கப்பலோடு மூழ்கியவர்களை நினைத்தால் புகழ மனம் வராது. நான் சொல்ல வந்தது வேறு. 'கூமா'வை மூழ்கடித்த தளபதி பென்னிங்டனின் பெயர் புத்தகத்தில் இருக்கிறது. அந்த டார்ப்பிடோவுக்குக் காற்று ஏற்றியவன், வால்வைத் திருகியவன், பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றியவன், விடியற்காலையில் எழுந்து ரொட்டி சுட்டவன் ஆகியோரின் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை. ஆனால் அவர்கள் இல்லாத இடத்தில் எப்பேர்ப்பட்ட தளபதியும் கரையில்தான் நிற்க வேண்டும்.

நம் குடும்பங்களுக்கு இது புதிய பாடமா? மோட்டார்க் கார் ஓட்டுகிறவனுக்கு டயர் தெரியும், அந்த டயருக்குப் பின்னால் இருட்டோடு எழுந்து மரத்தடிக்குப் போன பெண் தெரியமாட்டாள். ஆகவே உங்கள் பிள்ளை ஃபிட்டர் வேலை, வெல்டிங் வேலை, மின்சார வேலை படிக்கப் போகிறேன் என்றால், "பட்டறை வேலைதானே" என்று முகம் சுளிக்காதீர்கள். நன்றாகக் கற்கட்டும், சான்றிதழோடு கற்கட்டும். வால்வை ஒருமுறைக்கு இருமுறை சோதித்துப் பார்க்கும் பழக்கத்தோடு கற்கட்டும். முன்னால் போகிறவர்களின் உயிர், பின்னால் நிற்கிற அந்தக் கையில்தான் இருக்கிறது.